செராய் எண்ணெயும் தீர்த்த ஜாடியும்

சனிக்கிழமை என்றாலே டொரத்திக்கு விடியும் முன்பே தூக்கம் போய்விடும். சாயந்திர ரயிலில் கிள்ளானிலிருந்து இருதயம் வந்து இறங்குவார் அல்லவா, அதுதான் காரணம்.

இருதயம் கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா உத்தியோகம். குடி கிடையாது, ஞாயிறு பூசை தவறாது. ஆனால் பெண்டாட்டி கேத்தரினைத் தலைப்பிரசவத்துக்காகப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்ட அன்று, வாசற்படியில் நின்றபடி அவர் சொன்ன சொல் இருக்கிறதே, அதை நாம் மறக்க முடியுமா?

"பொறந்த வீட்டு முறைன்னு விடறேன், மச்சான். ஒரு நாள் காய்ச்சல்னு காதுல விழுந்தாலும் சரி, அடுத்த ரயில்ல கூட்டிட்டுப் போயிடுவேன்."

சொன்னது மச்சான் வாலண்டைனிடம். கண் மட்டும் மச்சான் மனைவி டொரத்தியின் மேல் இருந்தது. காரணம் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில்தான் டொரத்தியின் ஒரே மகள் செசிலி குளிர்காய்ச்சலில் போனாள். அதிலிருந்து, அந்த வீட்டில் பிள்ளை தங்காது என்று குவார்ட்டர்ஸ் லைனில் ஒரு பேச்சு. நாக்கில் நரம்பில்லாத ஜனங்கள்! பேசிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டவள் அல்லவா ராத்திரி தூங்காமல் கிடக்க வேண்டும்?

கேத்தரின் வயிற்றில் இருப்பது கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அது இந்த வீட்டில் பிறந்து, இந்த வீட்டுத் தூளியில் கிடந்து அழ வேண்டும். டொரத்திக்கு அந்த ஒரு ஆசைதான். குறுக்கே நின்றது கொசு.

பிரிக்பீல்ட்ஸில் கொசுவுக்கா பஞ்சம்? செங்கல் அறுக்க மண் வெட்டிய பள்ளங்கள் எல்லாம் மழைக்கு நிரம்பிக் குளமாகக் கிடந்தன. கொசு ஆபீஸ் ஆட்கள் சாக்கடையில் மண்ணெண்ணெய் தெளித்துவிட்டுப் போனார்கள். டொரத்தி அவர்களை நம்பிச் சும்மா இருக்கவில்லை. தானே எண்ணெய் காய்ச்சினாள்.

அன்றைக்கும் விடிந்ததும் பின்வாசலில் அடுப்பை மூட்டி, குவாலிச் சட்டியில் தேங்காயெண்ணெயை ஊற்றினாள். பக்கத்து முறத்தில், முதல் நாளே வெட்டி நிழலில் வாட வைத்த செராய், எலுமிச்சை வாசனைப் புல், இருந்தது. குழம்புக்குப் போடும் செராய் அல்ல. அடித்தண்டு சிவந்து, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசனைச் செராய். சுவரோரம் அவளே நட்டு வளர்த்த புதர். அதைப் பொடியாக நறுக்கி, உரலில் நார்நாராக இடித்து, எண்ணெய் சூடேறியதும் பிடிபிடியாகப் போட்டாள்.

"டொரத்தி, நொச்சி கொண்டந்திருக்கிறன். பிடியுங்கோ!"

வேலிக்கு அந்தப் பக்கம் புனிதவதி. யாழ்ப்பாணத்துக்காரி. அவள் புருஷன் கந்தையா ரயில்வே கணக்கு ஆபீஸில் பெரிய கிராணி.

"கொஞ்சம் கற்பூரமும் போடுங்கோவன். கொசு ஊரை விட்டே ஓடும்."

"வேணாம்க்கா. பிள்ளைத்தாச்சி உடம்புல தடவுறது. கற்பூரம் ஆகாது."

"ஓமோம், அது சரிதான். நான் அதை யோசிக்கேல்லை. கேத்தரின் எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்கா. இன்னைக்கு அவ வீட்டுக்காரர் வர்ற நாள்."

"அப்ப உங்களுக்குப் பரீட்சை நாள் எண்டு சொல்லுங்கோ" என்று புனிதவதி சிரித்தாள். டொரத்திக்குச் சிரிப்பு வரவில்லை.

நொச்சியும் வேப்பிலையும் போட்டதும் எண்ணெய் சடசடவென்று பொரிந்தது. இலையில் இருக்கும் தண்ணீர் வற்றும் வரை அப்படித்தான் சத்தம் போடும். சத்தம் அடங்கிய உடனே இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் இலை கருகும், எண்ணெய் கசந்த வாடை அடிக்கும், அதற்குக் கொசுவும் பயப்படாது, அதைக் கேத்தரினும் சீந்தமாட்டாள். டொரத்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் அடங்கியது. இறக்கினாள். பழைய மல் துணியில் வடிகட்டினாள். பச்சை ஓடிய எண்ணெய் புட்டியில் இறங்கியது.

முன்னறையில், சுரூபப் பீடத்துக்குப் பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் கேத்தரின் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டீங்களா? நீங்க வர்றதுக்கு முன்னாடியே வாசனை வந்துடுச்சு. அண்ணி, தினமும் இப்படி எண்ணெய் தடவுறீங்களே, நான் என்ன வறுக்கப்போற மீனா?"

"மீனுக்கு இவ்வளவு வாய் இருக்காது. காலைக் காட்டு, புது எண்ணெய் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"சாயந்திரம் தடவுறதுதானே? இப்ப எதுக்கு? அதுவும் இல்லாம, உங்க எண்ணெய் ஒண்ணும் கேக்கல. இங்க பாருங்க."

கேத்தரின் புடவையைக் கொஞ்சம் தூக்கினாள். கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. முழங்கையிலும் இரண்டு மூன்று.

டொரத்திக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. "எப்ப கடிச்சுச்சு?"

"பட்டப்பகல்ல அண்ணி. இங்க உக்காந்து செபமாலை சொல்ல ஆரம்பிச்சா போதும். சத்தமே போடாது. கடிச்சப்புறம்தான் தெரியும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்து கேத்தரினின் கால் விரலில் உட்கார்ந்தது. டொரத்தி ஒரே அடி. உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கொசு, காலெல்லாம் வெள்ளை வளையல் போட்ட மாதிரி வரி. நடுவில் ஒரு பொட்டு ரத்தம். கேத்தரினுடைய ரத்தம்.

இந்தக் கொசு சாக்கடையிலிருந்து வந்த கொசுவாகத் தெரியவில்லை. அந்தி மயங்கினால்தான் கொசு என்று எண்ணிக்கொண்டு, சாயந்திரம் மட்டும் எண்ணெய் தடவி, சன்னலைச் சாத்தி, சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டிருந்தாளே! பகலெல்லாம் இது வீட்டுக்குள்ளேயே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டொரத்தி வேட்டைக்கு இறங்கினாள். கொல்லையில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்று விடாமல் கவிழ்த்தாள். குளியலறைத் தொட்டியைக் காலி செய்து தேய்த்தாள். எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களுக்கு அடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணங்களில் புழு வைக்காதபடி போட்ட உப்பு இருக்கிறதா என்று விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். ஏணி போட்டுக் கூரைத் தகரக் குழாயைக்கூட எட்டிப் பார்த்துவிட்டாள். எங்கேயும் ஒரு புழு இல்லை.

"என்ன அண்ணி, வீட்டைப் பிரிச்சு மேயறீங்க?" என்று கேத்தரின் கேட்டாள். அவள் குரல் சோர்ந்திருந்தது. "எனக்குக் கொஞ்சம் படுக்கணும் போல இருக்கு. உடம்பு அசதியா இருக்கு."

"போய்ப் படு. கஞ்சி வச்சுட்டு எழுப்பறேன்."

கேத்தரின் உள்ளறைக்குப் போனாள். களைத்துப்போன டொரத்தி பீடத்தின் முன்னால் முழந்தாளிட்டாள். மாதாவைப் பெற்ற அன்னம்மாள் சுரூபத்தின் காலடியில் கேத்தரினின் தீர்த்த ஜாடி இருந்தது. நீலப் பூப்போட்ட, வாய் அகன்ற சீனப் பீங்கான் ஜாடி.

அந்த ஜாடியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். போன வருஷம் பினாங்குப் பக்கம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனபோது கேத்தரின் ஒரு நேர்ச்சை செய்தாள். அங்கே மந்திரித்த தீர்த்தத்தைக் கொண்டுவந்து, பிள்ளை உண்டாகிப் பிறக்கும் வரை தினமும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வதாகவும், பிள்ளை பிறந்தால் முதல் குளிப்பாட்டலுக்கு அந்தத் தீர்த்தத்தையே சேர்ப்பதாகவும் வேண்டிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே பிள்ளை உண்டானது. அப்புறம் ஜாடியை விட்டுப் பிரிவாளா? கிள்ளானிலிருந்து வரும்போது மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ரயிலை விட்டு இறங்குகிற நெரிசலில் ஜாடி தப்பியது, பீங்கான் மூடி விழுந்து உடைந்தது.

கேத்தரின் அழுத அழுகையைப் பார்த்து டொரத்திதான் புது மூடி செய்தாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்றுக்கொண்ட கைவேலை. வெள்ளை நூலில் ரோஜாப்பூ வைத்த லேஸ், ஓரமெல்லாம் கனத்துக்காகக் கோத்த பாசிமணி. நாத்தனார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இருதயம்கூட அடுத்த சனிக்கிழமை வந்தபோது, "நல்லா இருக்கு தங்கச்சி" என்றார். அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை.

டொரத்தி முழந்தாளிட்டபடி நிமிர்ந்தாள். லேஸ் ரோஜாவின் இதழ் இடுக்கிலிருந்து ஒரு கொசு வெளியே வந்தது. ஜாடி விளிம்பில் நின்று காலை உதறிக்கொண்டது. வெள்ளை வரிக் கால்.

"சேசு மரி சூசை!"

மூடியை எடுத்தாள். தண்ணீர் முழுக்கப் புழு. மேலே வருவதும், தலைகீழாகத் தொங்குவதும், நிழல் பட்டதும் நெளிந்து கீழே ஓடுவதுமாக இருந்தது. ஊரெல்லாம் சிரட்டையைக் கவிழ்த்தவள், தன் கையால் பின்னிய ஓட்டை மூடியைப் போட்டு, சாமிக்கு முன்னால் கொசு வளர்த்திருக்கிறாள். மந்திரித்த தண்ணீரை யாரும் கொட்டமாட்டார்கள், கழுவமாட்டார்கள், மூடியைத் தூக்கி முகத்தை விட்டுப் பார்க்கமாட்டார்கள். விரல் நுனியை மட்டும் நனைத்து எடுப்பார்கள். கொசுவுக்கு இதைவிட வசதியான வீடு எங்கே கிடைக்கும்?

மத்தியானச் சாப்பாட்டுக்கு வாலண்டைன் வந்தான். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை. அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"பாருங்க, தீர்த்தத்துல கொசுப் புழு."

"தீர்த்தத்துல புழு வைக்காது டொரத்தி. மந்திரிச்சது."

"முதல்ல பாருங்க."

பார்த்தான். முகம் வெளுத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"என்ன செய்யறது?" என்று டொரத்தி கேட்டாள். "இந்த நிமிஷம் கொட்டணும்."

"கொட்டறதா? உனக்கென்ன பைத்தியமா? அவ நேர்ச்சைத் தண்ணி. கொட்டினப்புறம் பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, யாரைச் சொல்லுவாங்க? சாமியாரைக் கேப்போம்."

"சாமியார் எப்ப வர்றாரு?"

"செவ்வாய்க்கிழமை வர்றதா சொன்னாங்க."

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இது எத்தனை கொசு ஆகும்? உங்க தங்கச்சியை அதுங்க கடிச்சுக்கிட்டே இருக்கும், நாம சாமியாருக்குக் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்." வாலண்டைன் தொப்பியை மாட்டிக்கொண்டான். "இன்னைக்கு மாப்பிள்ளை வேற வர்றாரு. வம்பை இழுத்து விடாதே."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். நல்லவன்தான். ஆனால் முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு எப்போதும் ஆபீஸில் அவசர வேலை வந்துவிடும்.

டொரத்தி உள்ளறையை எட்டிப் பார்த்தாள். கேத்தரின் ஒருக்களித்துத் தூங்கினாள். அவளை எழுப்பிச் சொல்லிவிடலாமா? விடமாட்டாள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவாள். டொரத்திக்குச் செசிலியின் ஞாபகம் வந்தது. அப்போதும் இப்படித்தான், இன்னும் ஒரு நாள் பார்ப்போம், இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று எல்லாரும் சொன்னார்கள். டொரத்தியும் அதைக் கேட்டுச் சும்மா இருந்தாள்.

ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, கால் மிதிபடாத மண்ணில்தான் விட வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கால் மிதிபடாத இடம் அந்தக் கொல்லையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செராய்ப் புதரின் வேரில் மெல்ல மெல்ல ஊற்றினாள். தண்ணீர் மண்ணுக்குள் போனது. புழுக்கள் மட்டும் மேலே கிடந்து துள்ளின. "அன்னம்மாளே, நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மேலே சாம்பலை அள்ளிப் போட்டாள்.

ஜாடியை வெந்நீர் விட்டுத் தேய்த்தாள். கேத்தரின் விழித்ததும் வெறும் ஜாடியைப் பார்த்தால் என்ன ஆவது? கோயிலுக்கு ஓடித் தீர்த்தம் வாங்கிவர நேரமில்லை. காய்ச்சி ஆறிய பைப்புத் தண்ணீரை ஊற்றி, பித்தளைத் தட்டால் மூடி, பழைய இடத்திலேயே வைத்தாள். லேஸ் மூடியைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தாள். சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். சமயம் அவளைக் கேட்டுக்கொண்டா வரும்?

வெயில் சாயும் நேரத்தில் உள்ளறையிலிருந்து குரல் கேட்டது. "அண்ணி..."

கேத்தரின் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. டொரத்தி நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

"கண்ணுக்குப் பின்னால வலிக்குது அண்ணி. எலும்பெல்லாம் யாரோ முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே டொரத்தி புட்டியை எடுத்து, கேத்தரின் காலிலும் கையிலும் எண்ணெயைத் தேய்த்தாள். கேத்தரின் தடுக்கவில்லை.

"தீர்த்தத்துல ஒரு வாய் குடுங்க. அதைக் குடிச்சா எனக்கும் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது."

டொரத்தி கரண்டியும் ஜாடியுமாக வந்து நின்றாள். கொடுத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் கொடுத்துவிட்டு, அப்புறம் நாலு செபம் கூடச் சொல்லியிருப்போம். ஆனால் கேத்தரின் கண்ணை மூடி, கை குவித்து, சின்னப் பிள்ளை பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தாள். டொரத்தியால் அது முடியவில்லை.

"கேத்தரின், இது அந்தத் தண்ணி இல்லம்மா."

கண் திறந்தது.

"பைப்புத் தண்ணி. காய்ச்சி நான்தான் ஊத்தி வச்சேன். உன் தீர்த்தத்துல கொசுப் புழு. ஜாடி நிறைய இருந்துச்சு. உன்னைக் கடிச்சதெல்லாம் அதுலேருந்து வந்ததுதான். என் மூடி, ஓட்டை மூடி. எல்லாம் என் தப்பு."

"பொய் சொல்றீங்க."

"இல்லம்மா."

"தீர்த்தத்துல எப்படிப் புழு வரும்? நான் தினம் நெத்தியில வச்சேனே, வயித்துல வச்சேனே..." கேத்தரினின் குரல் உடைந்தது.

வாலண்டைன் அப்போதுதான் வந்து அறை வாசலில் நின்றான். கேத்தரின் அவனைப் பார்த்தாள். "அண்ணே, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நீயும் சேந்துதான் கொட்டுனியா?"

வாலண்டைன் தரையைப் பார்த்தான். "நான் சாமியாரைக் கேக்கலாம்னுதான் சொன்னேன்."

டொரத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கேத்தரின் புடவை முந்தானையை எடுத்தாள். கையில் தடவியிருந்த எண்ணெயை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அப்புறம் குனிய முடியாமல் குனிந்து காலைத் துடைத்தாள். தோல் சிவக்கத் துடைத்தாள்.

"உங்க பிள்ளையைத்தான் உங்களால காப்பாத்த முடியல. என் பிள்ளைக்கு இருந்த ஒரு துணையையும் கொட்டிட்டீங்களே!"

இந்த வார்த்தையை லைன் முழுக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள் டொரத்தி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. கரண்டியை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அழுதால் நிறுத்த முடியாது என்று அழவில்லை.

"நீங்க போய் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள். வாலண்டைன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான்.

விசிறியை எடுத்துக்கொண்டு கட்டிலில், கேத்தரினின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். எண்ணெய் துடைத்த கால் வெறும் காலாக இருந்தது. காய்ச்சல்காரியை இன்னொரு கொசு கடிக்கவிடக்கூடாது. விசிறினாள். கை மாற்றி விசிறினாள். கேத்தரின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டில் புனிதவதி விளக்கேற்றித் தேவாரம் பாடும் சத்தம் கேட்டது. அது முடிந்த பிறகும் விசிறி நிற்கவில்லை.

"எங்க கொட்டுனீங்க?" என்று சுவரைப் பார்த்தபடியே கேத்தரின் கேட்டாள்.

"செராய்ப் புதர்ல. வேர்ல ஊத்தினேன். சாக்கடையில விடல."

கேத்தரின் மூக்கை உறிஞ்சினாள்.

"அடுத்த தரம் எண்ணெய் காய்ச்ச அந்தப் புல்லைத்தான் வெட்டுவீங்களா?"

"ஆமா. வேற எங்க இருக்கு?"

கேத்தரின் திரும்பினாள். கன்னமெல்லாம் ஈரம். "சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன் அண்ணி. செசிலியை நானும்தானே தூக்கி வச்சிருந்தேன்." பேச முடியாமல் நிறுத்தி, மெல்லக் காலை டொரத்தியின் மடிப்பக்கம் நகர்த்தினாள். "தடவுங்க. இது முடிஞ்சதும் அந்தப் புல்லுல காய்ச்சுங்க. அதையும் தடவுங்க."

இப்போதுதான் டொரத்திக்குக் கண்ணீர் வந்தது. எண்ணெயும் கண்ணீருமாகத் தேய்த்தாள்.

கேத்தரின் அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "மத்தியானத்துலேருந்து அவ்வளவா அசையல அண்ணி. பயமா இருக்கு."

டொரத்தி கையை எடுக்காமல் காத்திருந்தாள். எண்ணெய்க் கைக்கு அடியில் சூடு மட்டும்தான் தெரிந்தது. வெகுநேரம் கழித்து, உள்ளேயிருந்து லேசாக ஒரு தள்ளல். மீண்டும் ஒன்று. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள்.

கிள்ளான் ரயில் ஊதியது.

"அவருகிட்ட சொல்லாதீங்க" என்றாள் கேத்தரின் அவசரமாக. "தண்ணி விஷயமும் வேணாம், காய்ச்சலும் வேணாம். டிரஸ்ஸர் வந்து பாக்கட்டும். இந்த உடம்போட ரயில் ஏறினா நான் கிள்ளான் போய்ச் சேரமாட்டேன். அவருக்கு அது புரியாது. சொன்ன சொல்லுன்னு நிப்பாரு."

டொரத்தி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, சால்வையைப் போர்த்தினாள். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். கேத்தரின் தலையைச் சீவிக்கொண்டு, உதட்டைக் கடித்து நடுக்கத்தை அடக்கினாள்.

வாசலில் செருப்புச் சத்தம். இருதயம் வந்தார். கையில் ரம்புத்தான் பழக்கொத்து.

"மச்சான் எங்க?"

"இப்பதான் வெளிய போனாரு அண்ணே" என்றாள் டொரத்தி.

"எப்படி இருக்கே கேத்தரின்? இருட்டுல உக்காந்திருக்கே?"

"விளக்கு கண்ணைக் கூசுது. நல்லாத்தான் இருக்கேன்."

இருதயத்துக்கு ஒரு வழக்கம். வாரா வாரம் வந்ததும் மற்ற பேச்செல்லாம் அப்புறம்தான். கால் கழுவிக்கொண்டு நேரே பீடத்துக்குப் போவார். தீர்த்தத்தில் விரல் நனைத்துத் தனக்குச் சிலுவை போட்டுக்கொண்டு, அப்புறம் அதே ஈரத்தால் மனைவி நெற்றியில் போடுவார். இரண்டு பெண்களும் பரபரப்பில் அதை மறந்தே போயிருந்தார்கள்.

"லேஸ் மூடி எங்க தங்கச்சி?"

"துவைச்சுப் போட்டிருக்கேன் அண்ணே."

பித்தளைத் தட்டை நகர்த்தினார். விரலை நனைத்தார். டொரத்தி கேத்தரினைப் பார்த்தாள். கேத்தரின் டொரத்தியைப் பார்த்தாள். இருதயம் கண்ணை மூடி, பைப்புத் தண்ணீரால் பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டு, உதட்டுக்குள் அன்னம்மாளை வேண்டினார். மறுபடி விரலை நனைத்துக்கொண்டு மனைவியிடம் வந்து குனிந்தார்.

கேத்தரின் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நாற்காலி முதுகு தடுத்தது.

பெருவிரல் நெற்றியில் பட்டு, மேலிருந்து கீழே இறங்கியது. குறுக்கே போகாமல் அங்கேயே நின்றது. அவர் உள்ளங்கையை விரித்து அவள் நெற்றி முழுக்க வைத்தார். எடுக்கவில்லை.

வாசலில் வாலண்டைனின் சைக்கிள் மணி அடித்தது. கூடவே இன்னொருவர் குரல், "நோயாளி எந்த ரூம்?" என்று கேட்டது.

இருதயம் வாசல் பக்கம் பார்க்கவில்லை. மனைவியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து டொரத்தியைப் பார்த்தார்.

"எப்பத்திலேருந்து இந்தக் காய்ச்சல், தங்கச்சி?"

சால்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, நெருப்பாகச் சுட்ட கை. அது டொரத்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"அவங்களை ஏன் கேக்கறீங்க?" என்றாள் கேத்தரின். "என்னைக் கேளுங்க."